காயம்பட்ட சிப்பாய்கள் தங்கிய மாளிகைகள்: போய்ப் பார்த்தவர்கள் பகிர்வது

மான்செஸ்டரிலிருந்து:

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மான் காட்டலாம் என்றுதான் டன்ஹாம் மாஸி என்ற மாளிகைக்குப் போனோம். அது 2015. முதல் உலகப் போர் நூற்றாண்டுக்காக அந்த மாளிகையை மறுபடியும் ஆஸ்பத்திரி மாதிரியே மாற்றி வைத்திருந்தார்கள். 1917 ஏப்ரலில் தொடங்கி 1919 ஆரம்பம் வரை அது நிஜமாகவே ஆஸ்பத்திரி. சீமாட்டி ஸ்டாம்ஃபோர்டு வீட்டைத் திறந்துவிட, 282 சிப்பாய்கள் அங்கே தங்கித் தேறியிருக்கிறார்கள்.

விருந்தினர் கூடம்தான் வார்டு. அதற்கு 'பாக்தாத்' என்று பெயர். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேடம் போட்ட நடிகர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடைவெளி, விரிப்பை ஒழுங்காக மடித்துச் செருகியிருக்கிறார்களா என்றுதான் பார்த்தார். “ஆபரேஷன் எங்கே பண்ணாங்களாம்?” என்றார். பெரிய மாடிப்படியின் அடியில்! ஒரு சிப்பாயின் மண்டையிலிருந்து குண்டை எடுத்தபோது, வீட்டு மகள் ஜேன் கிரே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. “மயங்கி விழாம நின்னாளே, அதுவே பெரிசு” என்றார் அம்மா.

வெளியே வரும்போது வழிகாட்டியிடம் கேட்கச் சொன்னார், சுகமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று. பலரும் திரும்பப் போர்முனைக்குத்தான் போனார்களாம். “அதுக்கா இவ்வளவு பாடு?” என்றவர், அதற்கப்புறம் மான் பக்கமே திரும்பவில்லை.

எனக்கும் அதே உறுத்தல்தான். இப்படி உள்ளூர்ப் பெண்கள் தொண்டாக நடத்திய மருத்துவமனைகள் பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ 3,000 இருந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போர்த்துறை பணம் கொடுத்தது. பெரிய ராணுவ ஆஸ்பத்திரியின் கெடுபிடி இல்லாததால் சிப்பாய்களுக்கு இந்த வீடுகள் பிடித்திருந்தன. ஆனாலும் ஆஸ்பத்திரி நோயாளி என்று காட்டும் நீல உடுப்பும் சிவப்பு டையும் போட்டுத்தான் வெளியே போக வேண்டும். அந்த உடுப்பைப் பார்த்தால் மதுக்கடையில் ஊற்ற மாட்டார்கள். அதிகாரிகளுக்கு அந்த உடுப்பு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

ஸ்லவ்விலிருந்து:

எங்கள் பக்கத்தில் கிளிவ்டன் மாளிகை இருக்கிறது. அதன் சொந்தக்காரர்களான ஆஸ்டர் குடும்பம் ஆஸ்பத்திரிக்காக வீட்டையே கொடுக்க முன்வந்தது, ராணுவம் அது சரிப்படாது என்று சொல்லிவிட்டு டென்னிஸ் மைதானத்தை எடுத்துக்கொண்டது. கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனை அங்கே எழுந்தது. தேம்ஸ் நதிக்கு மேலே, தோட்டத்துக்குள் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். அந்தப் போரில் இறந்த 40 பேரின் கல் அங்கே இருக்கிறது, பெரும்பாலானோர் கனடாக்காரர்கள். சுற்றுலா வருகிற கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. என் பையன் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வயதைப் படித்துக்கொண்டே போனான், நான்தான் பாதியில் போதும் என்று கூட்டி வந்தேன்.

பிரைட்டனிலிருந்து:

மான்செஸ்டர் அண்ணா, நம்மாட்களை எங்கே வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. 1914 டிசம்பரிலிருந்து இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கே ராயல் பெவிலியன். அது தொண்டர் வீடு இல்லை, ராணுவ மருத்துவமனை; ஒரு காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் உல்லாச அரண்மனை. சாதி, மதம் பார்த்து 9 சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய். சாப்பாட்டு விஷயத்தில் அவ்வளவு அக்கறை. ஆனால் வெள்ளைக்காரப் பெண்கள் இந்தியர்களுக்குப் பணிவிடை செய்வதா என்று மேலிடம் முகம் சுளித்தது. உங்கள் சீமாட்டி மகளைப் போல இங்கே யாரும் பக்கத்தில் நின்றிருக்க முடியாது.

உங்கள் அம்மா கேட்ட கேள்வியை அந்தச் சிப்பாய்களே கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை காயம்பட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள் பலர். தேறியதும் மறுபடி பிரான்ஸுக்கு அனுப்புகிறார்களே என்று கடிதங்களில் புலம்பினார்கள். தணிக்கைக்காரர்கள் அவற்றைப் பிரித்துப் படித்து மொழிபெயர்த்து வைத்ததால்தான் இன்று நமக்கு அந்த வரிகள் கிடைக்கின்றன.