தண்ணீருக்குள் படகுச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?

சென்ற ஆண்டு ஜூன் மாதம் மலேசியாவின் பெர்ஹெந்தியன் தீவுகளுக்கு அருகில், டோக்கோங் லாவுட் என்னும் பாறைத் திட்டில் ஸ்கூபா கருவியோடு மூழ்கியபோது எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அன்றைக்கு அது மூன்றாவது முறை. என் சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பாருக்கு, அதாவது மேலே திரும்ப வேண்டிய அளவுக்கு, குறைந்துவிட்டதால், குழுவைப் பிரிந்து நானும் என்னுடன் இணையாக மூழ்கிய துணைவரும் மட்டும் மேலே வரத் தொடங்கினோம். ஐந்து மீட்டர் ஆழத்தில், பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கழுத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன்; எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, தண்ணீரில் 1,500 மீட்டர் செல்கிறது. இரண்டு காதுகளையும் அது அநேகமாக ஒரே கணத்தில் எட்டிவிடுவதால், கரையில் நமக்கு இயல்பாகக் கிடைக்கும் திசையுணர்வு கீழே கிடைப்பதில்லை. படகு நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

நாம் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்ட, காற்றடைத்து மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற மிதவைக் குழல், அதாவது நாம் எஸ்எம்பி என்று சொல்லும் பொருள், என்னிடம் இல்லாமல் இல்லை. வாங்கிய நாளில் சுருட்டிய சுருட்டு கலையாமல், ஜாக்கெட்டின் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்க நான் தடுமாறிக்கொண்டிருக்கையில் துணைவர் கட்டை விரலை உயர்த்தி, மேலே போகலாம் என்று சைகை செய்தார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். சில நொடிகளில் எங்கள் தலைக்கு மேலே வெண்ணுரைக் கோடு ஒன்று கிழித்துக்கொண்டு போயிற்று.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வேகத்தில் ஏறினால் ஐந்து மீட்டரைக் கடக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அந்த நேரத்தில், 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் படகு முந்நூறு மீட்டருக்கும் அதிகமாக ஓடியிருக்கும். அதாவது, நாம் புறப்படும்போது கண்ணுக்கு எட்டாத படகு, நம் தலை வெளியே வரும்போது தலைக்கு மேலேயே இருக்கலாம். மேலே வந்தபின் மிதவையை ஊதிக்கொள்ளலாம் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, அந்த நினைப்பு எவ்வளவு பிழையானது என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று கடலில், சத்தம் ஓய்ந்ததும் குழலை ஒருவாறு மேலே அனுப்பிவிட்டு எழுந்தோம். நீரோட்டம் எங்களை எங்கள் படகிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது. கீழே ஆள் மூழ்கியிருப்பதைக் காட்டப் படகில் பறந்த சிவப்பு வெள்ளைக் கொடியால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய இன்னொரு விசைப்படகு நேராக வந்து, ஆரஞ்சுக் குழலைக் கண்டு சட்டென்று வளைந்து சென்றது.

மாலையில் படகுத்துறையில் அந்தப் படகோட்டியைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வேகமெடுக்கும்போது படகின் முகப்பு தூக்கிக்கொள்வதால் நேர் முன்னே இருப்பது தமக்குத் தெரியாது என்றும், கறுப்பு முக்காடு போட்ட தலையும் மிதக்கும் தேங்காயும் தம் கண்ணுக்கு ஒன்றுதான் என்றும் சொன்னார். குழலைப் பார்த்து ஏன் வளைந்தீர்கள் என்று கேட்டேன். மீன் பொறியின் மிதவை என்று நினைத்தாராம். கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளுமே என்ற கவலையில் திருப்பினாராம். ஆள் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

* * *

மேலே எழுதியிருப்பவரின் அனுபவத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மாலத்தீவில் நீரோட்டம் மிகுந்த கால்வாய் ஒன்றில் நான் குழலை மேலே விட்டபோது, அதைக் கட்டிய கயிறு சுற்றியிருக்கும் ரீலில் கயிறு சிக்கிக்கொண்டது. ரீலை என் ஜாக்கெட்டில் கொக்கி போட்டு மாட்டியிருந்தபடியால், குழல் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறியது. பன்னிரண்டு மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அதன் பிறகு கொக்கியை உடம்பில் மாட்டுவதேயில்லை. பொறிமுறை எதுவுமற்ற, கயிறு சுற்றிய வெறும் உருளையான சிறிய ஸ்பூலைக் கையில் பிடித்துக்கொள்கிறேன், சிக்கினால் விட்டுவிடுகிறேன். குழலை முழுவதும் நிரப்பவும் தேவையில்லை. பத்து மீட்டரில் பாதி நிரப்பினால், அழுத்தம் பாதியாகக் குறையும் மேற்பரப்பில் அது தானாகவே முழுதாகிவிடும்.

மூழ்குவோருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதிதானே என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. ஆங்கிலப் பாடகி கிர்ஸ்டி மெக்கால் 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கொசுமெல் தீவில், தம் இரு மகன்களுடன் மூழ்கி எழுந்த இடம் வேகப்படகுகள் வரக்கூடாத பகுதிதான். அங்கே பாய்ந்து வந்த படகு மோதி அவர் இறந்தார். மகனைத் தள்ளிவிட்டுத் தாம் அடிபட்டார்.

* * *

நான் சிங்கப்பூரிலிருந்து வார இறுதிகளில் மலேசியாவின் தியோமன் தீவுக்கு மூழ்கச் செல்பவன். விசிலைப் பற்றி ஒரு சொல். எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கும் படகோட்டிக்கு வாயால் ஊதும் விசில் கேட்காது. நான் ஊதிப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் காற்றில் ஒலிக்கும், ஜாக்கெட்டின் குழாயில் பொருத்தும் ஊதல் அதைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கும் என்றாலும், அதுவும் எஞ்சினை அணைத்துவிட்டு நம்மைத் தேடிக்கொண்டிருக்கும் சொந்தப் படகுக்குத்தான் முழுப் பயன். மோத வரும் படகுக்கு நிறமும் உயரமும் மட்டுமே எட்டும். இருட்டிவிட்டால், டார்ச்சைக் குழலின் வாய்ப்பக்கம் வைத்து அடித்தால் குழல் முழுவதும் கூண்டு விளக்கு போல ஒளிரும்; இரவு மூழ்கலில் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

வெயிலைப் பிரதிபலித்துச் சைகை காட்டச் சிறு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் வைத்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கரைக்கு அப்பால் டோக்கோங் சங்கோல் என்னும் இடத்தில் மூழ்கி எழுந்த நால்வர் தங்கள் படகைக் காணாமல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டதும், அவர்களில் பதினான்கு வயதுச் சிறுவன் பிழைக்காமல் போனதும் எங்கள் ஊரில் எல்லோரும் பேசிய செய்தி. அதற்குப் பின் வாங்கியதுதான் அது.

* * *

பெர்ஹெந்தியனைப் பற்றி எழுதியவன் நான்தான். ஸ்பூல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு அருகிலுள்ள நீச்சல் குளத்தில், கண்ணை மூடிக்கொண்டு குழலைப் பிரித்து அனுப்பும் பயிற்சியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செய்தேன். முதல் நாள் நான்கு நிமிடம் பிடித்தது, இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. இந்த ஆண்டு சென்றபோது புதுக் குழலை அந்தப் படகோட்டியிடம் காட்டினேன். அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை அவர் படிக்கவேயில்லை. கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சென்ற முறையைவிட இது உயரம், தூரத்திலிருந்தே தெரியும் என்று மட்டும் சொன்னார்.