கென்னத் கவுண்டாவின் மனிதநேயம்: செம்பு விலை மட்டுமா கவிழ்த்தது?

கெடிலக்கரை:
வரும் ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டம். ஜாம்பியாவின் முதல் குடியரசுத் தலைவர் கவுண்டாவின் ‘மனிதநேயம்’ பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். கிடைத்த கட்டுரைகள் எல்லாம் ‘மனிதனை நடுவில் வைத்த தத்துவம்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. தான்சானியத் தலைவர் நியரேரேயின் ‘உஜாமா’ என்ற கூட்டு வாழ்வுச் சோஷலிசத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செம்பு விலை விழுந்தது, கொள்கையும் விழுந்தது என்று முடித்தால் சரியா?

சுண்ணாம்பாறு:
உறவுமுறையிலிருந்து ஆரம்பியுங்கள் தோழர். 1967-இல் வந்த முதல் கையேட்டில் கவுண்டா அதைத்தான் சான்றாக வைக்கிறார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா, அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா. அப்பாவோடு பிறந்தவள் மட்டும் அத்தை, அம்மாவோடு பிறந்தவன் மட்டும் மாமா என்கிறார். பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த கூட்டத்துக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதன்மேல் அவர் என்ன கட்டுகிறார் என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். இப்படி விரிந்த குடும்பத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையோ வயதானவரோ தனியாக விடப்படுவதில்லை. ஒருவன் என்ன சாதித்தான் என்று பார்த்து மதிப்பது சந்தைக் கணக்கு. நம்மோடு இருக்கிறான் என்பதற்காகவே மதிப்பது கிராமக் கணக்கு. பணப் பொருளாதாரம் வந்த பிறகும் இரண்டாவதைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. கடவுளும் இதில் உண்டு. லுப்வா மிஷனில் போதகர் மகனாகப் பிறந்தவர், காந்தியை ஆழமாக ஏற்றவர். கடவுளை ஒதுக்கிவைத்த ஐரோப்பிய மனிதநேயவாதத்தோடு சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள்.

உஜாமா பற்றி இரண்டு நிமிடம் போதும். உஜாமாவை அரசுக் கொள்கையாக்கிய அருஷாப் பிரகடனமும் அதே 1967 பிப்ரவரிதான். தான்சானியா விவசாய நாடு. நியரேரே மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றப் பார்த்தார். ஜாம்பியாவில் பணம் இருந்தது சுரங்கத்தில். ஏற்றுமதி வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் செம்பு. கவுண்டா முதலில் கைவைத்ததும் கம்பெனிப் பங்குகளில்.

உப்பனாறு:
அந்தப் பங்கு விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்லுங்கள். 1968 ஏப்ரலில் முலுங்குஷி என்ற இடத்தில் பேசிய கவுண்டா 26 கம்பெனிகளில் 51 விழுக்காடு அரசுக்கு என்றார். 1969 ஆகஸ்டில் மட்டேரோ என்ற இடத்தில் பேசியபோது செம்புச் சுரங்கங்களிலும் அதே 51. பங்குக்கான விலை ரொக்கமாகப் போகவில்லை, கடன் பத்திரமாகப் போனது. நிர்வாக ஒப்பந்தமோ பழைய முதலாளிகள் கையிலேயே இருந்தது. சுதந்திரம் வந்த 1964-இல் நாட்டில் பட்டதாரிகளே சுமார் 100 பேர்தான். நடத்த ஆள் இல்லை. 1973-இல் வெளியே கடன் வாங்கிப் பத்திரங்களை முன்கூட்டியே அடைத்து ஒப்பந்தத்தை முறித்தார். அதே ஆண்டு, செம்பு கடலுக்குப் போகும் வழியில் இருந்த ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) எல்லையும் மூடியது. 1975-க்குள் செம்பு விலை சரிந்தது. கடன் தலைமேல், வருமானம் தரையில்.

ஆனாலும் விலை மட்டும் காரணம் இல்லை. நம்ம கடலோரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனவ ஊர்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரே போடும் தலைக்கட்டு வரி ஏன் வசூலாகிறது? யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று ஊருக்கே தெரியும். கணக்கை ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அந்த முறைக்கும் ஓட்டை உண்டு. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு என்பதால், 2004 சுனாமி நிவாரணம் அந்தக் கணக்கில் பிரிந்தபோது கைம்பெண்கள் விடுபட்டார்கள் என்ற குறை பல ஊர்களில் எழுந்தது. முகம் தெரிந்த இடத்திலேயே இப்படி என்றால், கவுண்டா அதே பரஸ்பர உதவியை 70-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் கொண்ட நாட்டுக்கு விரித்தார். அங்கே எழுந்து கணக்குக் கேட்கும் இடம் எதிர்க்கட்சி. 1972 டிசம்பரில் ஒரே கட்சி ஆட்சி என்று சட்டமே வந்தது. சின்ன வயதிலிருந்து கூட இருந்த நண்பர், துணைத் தலைவராக இருந்த சைமன் கப்வெப்வே, தனிக்கட்சி ஆரம்பித்த பிறகு காவலில் வைக்கப்பட்டார். சகோதரனைப் பற்றி அவ்வளவு எழுதியவர் செய்த காரியம் இது. இதை மழுப்பாமல் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
நன்றி தோழர். ஒரே கட்சி ஆட்சியால் சாதாரண ஆளுக்கு என்ன ஆனது என்று காட்ட ஒரு நிகழ்ச்சி கிடைக்குமா?

சுண்ணாம்பாறு:
1986 டிசம்பர் மாவுப் பிரச்சினையைச் சொல்லுங்கள். அங்கே தினச் சாப்பாடு ன்ஷிமா, நம்ம களி மாதிரி மக்காச்சோள மாவில் கிண்டுவது. மாவு இரண்டு வகை: நைசாக அரைத்த ‘பிரேக்ஃபாஸ்ட்’, உமியோடு அரைத்த ‘ரோலர்’. பன்னாட்டு நாணய நிதியம் (IMF) நெருக்கியதால் நைஸ் மாவுக்கு மானியத்தை எடுத்தார்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஏழைக்கு ரோலர் மானிய விலையில் கிடைக்கும் என்பது திட்டம். ஆனால் அந்த மானியம் கைக்கு வந்து சேரும் என்று ஆலைக்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை, ரோலர் மாவு கடையில் இல்லாமல் போனது. ஏழையும் நைஸ் மாவைத்தான் அந்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. செம்புச் சுரங்க நகரங்களில் கலவரம், குறைந்தது 15 பேர் சாவு. அரசு விலை உயர்வை வாபஸ் வாங்கி ஆலைகளையும் எடுத்துக்கொண்டது. மனிதனை நடுவில் வைத்த ஆட்சியில், ரோலர் மாவு தீர்ந்துவிட்டது என்ற சேதியை மேலே கொண்டுபோக கலவரத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஒற்றைக் கட்சிக்குள் அதைச் சொல்லத் துணிபவர் யார்?

உப்பனாறு:
1990 ஜூனிலும் மாவு விலையால் திரும்பக் கலவரம். அதற்கப்புறம்தான் பல கட்சி முறைக்கு இணங்கினார். பதவிக்காலம் மிச்சம் இருக்கும்போதே தேர்தல் வைத்தார். 1991 அக்டோபர் 31, நாலில் ஒரு பங்கு வாக்குதான் கிடைத்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்ற எதிர்க்கட்சித் தலைவர் சிலுபாவிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். கப்வெப்வேயைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடமாவது ஒதுக்கினால் நல்லது. முலுங்குஷி, மட்டேரோ தேதிகளை ஒரு தாளில் எழுதி அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.