சந்திரயான்-3-இன் லேண்டர் விக்ரம் பிரிந்த மதியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எல்லாரும் அது நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04 மணியைத்தான் சொல்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதற்கு முந்தைய வாரம், 2023 ஆகஸ்ட் 17 மதியம், அதை நிலவு வரை சுமந்துபோன உந்துகலனிலிருந்து லேண்டர் கழன்றபோதுதான். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தால் இஸ்ரோ பதிவு, 'சவாரிக்கு நன்றி நண்பா' என்று லேண்டர் சொன்னதாம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் 2019 செப்டம்பர் 2-ம் தேதி சந்திரயான்-2 லேண்டரும் இப்படிச் சுத்தமாகத்தான் பிரிந்தது, 7-ம் தேதி விடியற்காலை தரைக்கு 2.1 கிலோமீட்டர் மேலே வரை வந்து அப்புறம் தொடர்பு போனது.

பிரிந்துவிட்டால் மறுபடி போய் ஒட்டிக்கொள்ள வழியே கிடையாது. ரோவரையும் சேர்த்து 1,752 கிலோ, இனி வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் அதன் சொந்த இன்ஜினும் சொந்த எரிபொருளும்தான். மறுநாளே நிலவுக்கு மேலே கிட்டத்தில் 113, தூரத்தில் 157 கிலோமீட்டர் என்று பாதை இறங்கியது, 20-ம் தேதி 25-க்கு 134.

பிரிந்த கையோடு லேண்டர் கேமரா எடுத்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டினேனோ தெரியாது. சாம்பல் தரை மெதுவாக நகர்கிறது, நிலவின் ஜியோர்டானோ புரூனோ பள்ளம் வருகிறது, போகிறது. அவ்வளவுதான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

*

அண்ணே, எங்கள் பெரியப்பா அப்போலோ 11-ஐ ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர். ஆம்ஸ்ட்ராங்கை விட, இறங்காமல் மேலே தாய்க்கலத்திலேயே சுற்றிய காலின்ஸ் பேச்சைத்தான் அதிகம் எடுப்பார். அவர்களின் லேண்டரான ஈகிள் பிரிந்ததும் அது காலின்ஸ் கண் முன்னால் ஒரு சுற்று சுற்றிக் காட்ட, நாலு காலும் சரியாக விரிந்திருக்கிறதா என்று அவர் ஜன்னல் வழியே பார்த்துச் சொன்னாராம். இரண்டு கலங்களுக்கும் நடுவே இருந்த இணைப்புக் குழாயில் மிச்சமிருந்த காற்று பிரியும்போது லேசாகத் தள்ளிவிட்டதும் ஈகிள் குறித்த இடத்தைத் தாண்டிப் போய் இறங்க ஒரு காரணம். விக்ரமுக்கு அப்படி எட்டிப் பார்க்க மேலே ஆள் இல்லை, எல்லாம் சென்சார்தான்.

*

எனக்கு அந்த உந்துகலன் மேல்தான் பாசம். லேண்டரை இறக்கிவிட்டதும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அதுபாட்டுக்கு பூமியின் ஒளியை ஆராயும் ஷேப் கருவியை வைத்து பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்ததால் அதை நிலவிலிருந்து கிளப்பி பூமியைச் சுற்றும் பாதைக்கே கொண்டுவந்தார்கள், டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன், ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.