புதிய சிறு கணினியில் மவுஸ் தாவுகிறது, எழுத்துகள் விடுபடுகின்றன: உதவி தேவை (ஏற்காடு)

நாகலூர்க் கணக்கர் எழுதியது:
வணக்கம். எங்கள் காப்பித் தோட்ட அலுவலகத்துக்காக வாங்கிய சிறு கணினி நேற்று மாலை சேலத்திலிருந்து வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் பெட்டி. விசிறி ஓடுகிறதா என்பதைக் காதை அருகில் வைத்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. பழைய பெட்டி அடைத்துக்கொண்டிருந்த மேசையில் இப்போது இரண்டு பேரேடுகளை விரித்து வைக்க இடம் கிடைத்திருக்கிறது. வேகத்திலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று காலை முதல் மவுஸ் அம்பு திரையில் தாவித் தாவிச் செல்கிறது. அடிக்கும் எழுத்துகள் விடுபடுகின்றன. சில நேரங்களில் ஒரே எழுத்து இருமுறை விழுகிறது. கூலிப் பட்டியலில் 4,500 என்று அடித்த தொகை 45,000 என்று நின்றது. சனிக்கிழமை பட்டுவாடா. கணினியே பழுதா, திருப்பி அனுப்பிவிடலாமா என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்ல வேண்டுகிறேன்.

ஐந்து ரோடு எழுதியது:
ஐயா, கணினியின் மாடல், அதன் சிப், நினைவகத்தின் அளவு ஆகியவற்றைத் தெரிவியுங்கள். மவுஸும் கீபோர்டும் வயர் உள்ளவையா, வயர் இல்லாதவையா என்பதையும் சொல்லுங்கள். இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

பழைய உறுப்பினர் எழுதியது:
இந்தப் பகுதியில் கேள்வி கேட்பவர்கள் முதலில் எவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வருவோர் குறைவு. இந்த வகைச் சிறு பெட்டிகளில் ஒரே ஒரு நினைவகப் பட்டையை மட்டும் செருகி விற்கிறார்கள். இரட்டைத் தடம் (சிப்பும் நினைவகமும் ஒரே நேரத்தில் இரு வழிகளில் தரவைப் பரிமாறுவது) இல்லாததால் படக்காட்சிப் பகுதி திணறுகிறது, அம்பும் தாவுகிறது. இன்னொரு பட்டை வாங்கிச் செருகினால் சரியாகிவிடும். இதில் ஆராய ஒன்றுமில்லை.

பகோடா பாயிண்ட் எழுதியது:
நானும் ஏற்காட்டில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். சேலத்து வெயிலிலிருந்து மலைமேல் மூடுபனிக்குள் வந்த பொருள் அது. உள்ளே ஈரம் அரும்பியிருக்கும். ஒரு நாள் அணைத்து வைத்து, உலர்ந்த அறையில் விட்டுப் பிறகு இயக்கிப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
பகோடா பாயிண்ட் ஐயா சொல்வது தலைகீழாக இருக்கிறது. குளிர்ந்த பொருளை வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் வைத்தால்தான் அதன்மேல் நீர் அரும்பும். சேலத்திலிருந்து சூடாக ஏறிவந்த பொருள் ஏற்காட்டுக் குளிர்காற்றைவிட வெப்பமாக இருப்பதால் அதன்மேல் நீர் படிய வழியில்லை. ஏற்காட்டிலிருந்து கீழே கொண்டுவரும்போதுதான் அந்தக் கவலை வேண்டும்.

ஓமலூர் எழுதியது:
ஈரம் இல்லையென்றால் உயரத்தைப் பாருங்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே குறைந்த வெப்பத்தையே வெளியேற்றும். சிப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
அடர்த்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். அந்த ஏற்றத்தில் காற்றின் வெப்பநிலையும் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. விசிறி இழப்பதைக் குளிர் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். மேலும், சிப் வேகம் குறைந்தால் எல்லாமே மெதுவாகும். 4,500 என்பது 45,000 ஆகாது.

கொண்டலாம்பட்டி எழுதியது:
மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். இடி மின்னல் வேறு. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

ஐந்து ரோடு எழுதியது:
ஸ்டெபிலைசர் இங்கே வீண் செலவு. இத்தகைய சிறு கணினிகளின் அடாப்டரில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்றே அச்சிட்டிருக்கும். நம் 230 வோல்ட் 180 ஆக இறங்கினாலும் அது அசையாது. ஆனால் கரண்ட் போனால் அந்த நொடியே கணினி அணைந்துவிடும், ஏனெனில் மடிக்கணினியில் இருக்கும் பேட்டரி இதில் இல்லை. ஆகவே தேவைப்படுவது யு.பி.எஸ்.

கொண்டலாம்பட்டி எழுதியது:
மின்னழுத்தம் 260ஐத் தாண்டும் இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது உங்கள் அடாப்டர் என்ன செய்யும்? யு.பி.எஸ் வாங்குவதென்றால் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் வசதியுள்ளதாக வாங்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நாகலூர்க் கணக்கர் எழுதியது:
அனைவருக்கும் நன்றி. சிப் இண்டெல் என்100, நினைவகம் 16 ஜி.பி., விண்டோஸ் 11. மவுஸும் கீபோர்டும் வயர் இல்லாதவை; இரண்டுக்கும் சேர்த்து நகத்தளவு ரிசீவர் ஒன்று. கணினியை மானிட்டரின் பின்புறம் திருகி மாட்டியிருக்கிறோம். காலையிலிருந்து பழைய ஆண்டுகளின் கணக்குகள் வெளியே செருகிய ஹார்ட் டிஸ்கிலிருந்து நகலாகிக்கொண்டிருக்கின்றன. அது முடிந்ததும் வேண்டுமானால் அணைத்து வைத்துப் பார்க்கிறேன்.

கன்னங்குறிச்சி எழுதியது:
கணக்கர் ஐயா, போகிற போக்கில் கடைசியாக எழுதிய ஹார்ட் டிஸ்க் செய்தியில்தான் விடை இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்கும் ரிசீவரும் அடுத்தடுத்த துளைகளில் இருக்கின்றனவா? அந்தத் துளைகளின் உட்புறம் நீல நிறமா?

நாகலூர்க் கணக்கர் எழுதியது:
ஆம், இரண்டுமே நீலம், பக்கத்தில் பக்கத்தில். நடுவே ஒரு விரல் நுழையாது.

கன்னங்குறிச்சி எழுதியது:
அப்படியானால் கணினியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீல நிறத் துளை பொதுவாக யு.எஸ்.பி. 3.0. அதில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, செருகும் முனையிலிருந்தும் வயரிலிருந்தும் பரவலான வானொலி இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் மூடுகிறது. வயர் இல்லாத மவுஸ், கீபோர்டுகளின் ரிசீவர்களில் பெரும்பாலானவை கேட்பது அதே அலைவரிசையில்தான். விசையை அழுத்திய செய்தி தொலைந்தால் எழுத்து விடுபடும். விசையை விட்ட செய்தி தொலைந்தால், அது இன்னும் அழுந்தியிருப்பதாகக் கணினி எண்ணி அதே எழுத்தை மறுபடியும் போடும். உங்கள் 4,500இல் கூடுதலாக ஒரு சுழியம் விழுந்தது இப்படித்தான் என்று கருதுகிறேன். பெரிய பெட்டியில் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் இது அவ்வளவாகத் தெரியாது; சிறு பெட்டியிலோ எல்லாம் நெருங்கி நிற்கின்றன. போதாததற்கு, மானிட்டரின் முதுகில் மாட்டியிருப்பதால் ரிசீவருக்கும் கீபோர்டுக்கும் இடையில் மானிட்டரின் உலோகத் தகடும் மறைக்கிறது.

சோதிப்பது எளிது. நகலெடுப்பு முடிந்ததும் ஹார்ட் டிஸ்கை முறைப்படி நீக்கிவிட்டு ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். கோளாறு மறைந்தால் காரணம் அதுதான். பிறகு ரிசீவரைப் பின்புறம் உள்ள கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். அது பெரும்பாலும் யு.எஸ்.பி. 2.0 ஆக இருக்கும். அதைவிட நல்ல வழி, சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி ரிசீவரைக் கீபோர்டின் அருகே மேசைமேல் கொண்டுவந்து வைப்பது. அதுவரை கூலிப் பட்டியலை வயர் உள்ள கீபோர்டில் அடியுங்கள். ஏற்கெனவே அடித்த தொகைகளைக் கைப்புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உழைத்தவருடைய கூலியில் ஓர் எண் விடுபட்டுப் போய்விடக் கூடாது.

பழைய உறுப்பினர் எழுதியது:
இந்த இரைச்சல் பற்றி இண்டெல் ஆவணம் வெளியிட்டது 2012இல். அதன்பின் எத்தனையோ தலைமுறைகள் வந்துவிட்டன. இன்றைய கருவிகளிலும் அதே குறை இருக்கிறது என்பதை ஏற்பதற்கில்லை. நான் சொன்ன நினைவகக் காரணத்தை யாரும் மறுக்கவும் இல்லை.

கன்னங்குறிச்சி எழுதியது:
ஆவணம் பழையது, ஆனால் அந்தத் துளையில் ஓடும் வேகம் அன்றும் 5 கிகாபிட், இன்றும் 5 கிகாபிட். உலோக உறை நன்றாக உள்ள வயரில் கசிவு குறையும், மலிவான வயரில் குறையாது. நினைவகத்தைப் பொறுத்தவரை, 2023இல் வந்த என்100 சிப்பில் இருப்பது ஒரே ஒரு நினைவகத் தடம்தான். அதன் வடிவமைப்பே அப்படி. இரண்டாவது பட்டையைச் செருகினாலும் இரட்டைத் தடம் கிடைக்காது. கணக்கரை வீண் செலவுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓமலூர் எழுதியது:
என் கருத்தை நான் முழுவதுமாகக் கைவிடவில்லை. மானிட்டரின் பின்னால் காற்றுத் துளைகள் சுவரோடு ஒட்டியிருந்தால் கோடையில் தொல்லை வரும். நான்கு விரல் இடைவெளியாவது விடச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
அது நல்ல யோசனை. உயரம் எதுவாக இருந்தாலும் பொருந்தும்.

கொண்டலாம்பட்டி எழுதியது:
யு.பி.எஸ். பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே. நகலெடுப்பின் நடுவே கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்கில் உள்ள பழைய கணக்குகளுக்கு யார் பொறுப்பு?

ஐந்து ரோடு எழுதியது:
நீங்கள் சொன்ன வகை யு.பி.எஸ்.ஸையே வாங்கட்டும், எனக்கு மறுப்பில்லை. இந்தச் சிப் 6 வாட் வகை. மானிட்டரையும் சேர்த்தால்கூட மிகச் சிறிய யு.பி.எஸ். போதும், கடைக்காரர் பெரியதைக் காட்டினால் வாங்க வேண்டாம்.

நாகலூர்க் கணக்கர் எழுதியது:
ஹார்ட் டிஸ்கை நீக்கியதும் சரியாகிவிட்டது. மீண்டும் செருகியதும் மவுஸ் தாவுகிறது. ரிசீவரைப் பின்புறக் கறுப்புத் துளைக்கு மாற்றிவிட்டேன், இப்போது எழுத்து விடுபடவில்லை. கூலிப் பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களில் தவறான தொகை இருந்தது, திருத்திவிட்டோம். கன்னங்குறிச்சி ஐயாவுக்கு மிக்க நன்றி. நகலெடுக்கும்போது வைஃபையும் அறுந்து அறுந்து வருகிறதே, அதுவும் இதனால்தானா?

கன்னங்குறிச்சி எழுதியது:
ஆம், உங்கள் வைஃபை 2.4இல் இருந்தால் அதுவும் இதனால் ஆகலாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுங்கள். ரவுட்டர் அதே அறையில் இருக்கிறதா, சுவருக்கு அப்பால் இருக்கிறதா? கருங்கல் சுவர் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டி வருவது கடினம். அப்போது கேபிளைச் செருகிவிடுங்கள்.