நுவரெலியாவுக்குப் புதுசு: ஞாயிறு அவருக்கு மலை ஓட்டம், நான் எங்க நிக்கணும்?

சென்னைப்பொண்ணு
சென்னையிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தேயிலை மலை, காடு வழியா ஓடுற போட்டியில ஓடுறார். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பமாம். நேத்து காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சு, பார்த்ததிலிருந்து பயமா இருக்கு. எங்க நின்னு உற்சாகப்படுத்தணும், என்ன கொண்டு போகணும்? சீக்கிரம் சொல்லுங்க.

ஹட்டன் அண்ணா
தங்கச்சி, அது துகள் உறைபனி. தை, மாசியில வானம் தெளிவா இருக்கிற ராத்திரியில விழும். முதல்ல வீட்டைப் பாருங்க. இங்க ஈரத்துல துணி சீக்கிரம் காயாது, அலமாரியில பூஞ்சணம் பிடிக்கும். கம்பளியை வெயில் கண்ட அன்னைக்கே வெளியில போடுங்க. விசா புதுப்பிக்கிற தேதியையும் இப்பவே எழுதி வையுங்க.

நானுஓயா அக்கா
அவங்க கேட்டது ஓட்டத்தைப் பத்தி. எத்தனை கிலோமீட்டர், மொத்த ஏற்றம் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஆரம்பம்? இது தெரியாம எங்க நிக்கிறதுன்னு சொல்ல முடியாதும்மா. பிளாஸ்க்ல இஞ்சி பிளேன்டீ கொண்டு போய் வழி நெடுக குடுங்க.

ராகலை தம்பி
வழியில குடுக்காதீங்க அக்கா. குறிச்ச இடம் தவிர வேற எங்கயாவது வெளியாள்கிட்ட உதவி வாங்கினா, பல போட்டிகள்ல ஓட்டக்காரரையே நீக்கிடுவாங்க. விதித்தாளை முதல்ல படிங்க. காட்டுல ரத்தம் உறிஞ்சுற அட்டை ஏறும், அதுக்கு உப்பு எடுத்துக்குங்க.

நானுஓயா அக்கா
கடிச்சுக்கிட்டிருக்கிற அட்டை மேல உப்புப் போட்டா அது கக்கும், புண் சீழ் பிடிக்கலாம். நகத்தால வாய்ப்பக்கம் மெதுவா தள்ளி எடுத்துட்டு சோப்பு போட்டுக் கழுவணும்.

சென்னைப்பொண்ணு
21 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம், காலை 5.30. இங்க கிடைக்கிற ஆட்டோ நம்பி அங்க போயிடலாமா?

வெலிமடை
விடியக்காலை ஆட்டோ கேட்கிற காசு இருக்கே! திரும்பி வர்ற காசும் சேர்த்துத்தான் கேட்பாங்க. பஸ்ஸை நம்பவே முடியாது.

ஹட்டன் அண்ணா
சமையல் கேஸ் மட்டும் என்ன? குளிருக்குச் சுடுதண்ணி வைக்காம இருக்க முடியுமா? சிலிண்டர் ரெண்டு மடங்கு வேகமா தீருது.

பதுளை டீச்சர்
விலைவாசியைத் தனியாப் பேசுவோம், அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு.

மகள், ஆட்டோவை முதல் நாள் சாயங்காலமே பேசி, போக வர ஒரே தொகைன்னு முடிவு பண்ணிடுங்க. இப்ப நேரக் கணக்கு. 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டரா எண்ணுங்க. 21ஓட 9 சேர்ந்தா 30. கிலோமீட்டருக்கு 8 நிமிஷம்னு வைச்சா 240 நிமிஷம், அதாவது 9.30க்கு முடிப்பார். நீங்க 12வது கிலோமீட்டர்ல நிக்கிறதா வைச்சா, அதுக்குள்ள 600 மீட்டர் ஏறியிருந்தா 12ஓட 6 சேர்ந்து 18, அதாவது 144 நிமிஷம், அப்ப 7.54 வாக்கில அங்க வருவார். முக்கால் மணி முன்னாலேயே போயிடுங்க. சேறும் இறக்கமும் கணக்கைத் தாமதமாக்கும், அதனால அவர் வரலைன்னு உடனே பதறாதீங்க.

உச்சியில நிக்காதீங்க, காத்து அடிக்கும், சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். கடைசி ஏற்றத்தோட அடிவாரம் நல்ல இடம், கால் ஓய்ஞ்சு மனசு தளர்ற இடம் அது. பாதையை விட்டு மேட்டுப்பக்கம் ஏறி நில்லுங்க. தேயிலைக்குள்ள இறங்காதீங்க, செடிக்கு நடுவுல இருக்கிற கான், அதாவது தண்ணி வடியற வாய்க்கால், கண்ணுக்குத் தெரியாது, கால் மாட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு மட்டும் சொல்லாதீங்க. சரியான தூரம் தெரிஞ்சா அதைச் சொல்லுங்க. பொய்யான "கொஞ்ச தூரம்" ஓடுறவரை உடைச்சிடும்.

உங்களுக்குப் பருத்தி வேண்டாம், ஈரமானா காயாது. நுவரெலியா டவுன்ல இருக்கிற பேல் பஜார் துணிக்கடைகள்ல ஃப்ளீஸ்ங்கிற மெத்துன்னு சூடான மேலாடையும் காத்து புகாத ஜாக்கெட்டும் கிடைக்கும். ஃபோனை உள் பாக்கெட்ல வையுங்க, குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

முடிவுக் கோட்டுக்கு ஒரு பை தனியா வேணும்: உள்பனியனிலிருந்து சாக்ஸ் வரை காய்ஞ்ச துணி, கம்பளித் தொப்பி, துவாய், உட்கார பிளாஸ்டிக் விரிப்பு, இனிப்புப் போட்ட சூடான டீ. நின்ன சில நிமிஷத்துலயே வேர்வை குளிரா மாறும். அதனால படம் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஈரத்தைக் கழட்டுங்க. நடுங்கினா பரவாயில்லை, உடம்பு சூடு உண்டாக்குது. ஜிப் போட விரல் வராம, பேச்சு குழறி, கால் தடுமாறினா போட்டி வைத்தியக் குழுவைக் கூப்பிடுங்க. நடுக்கம் நின்னு குழப்பம் கூடினா 1990 நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க, அது இலவசம். கை காலைத் தேய்க்க வேண்டாம், நெருப்புப் பக்கத்துல உட்கார வைக்கவும் வேண்டாம். போர்த்தி, நெஞ்சுப் பகுதியை முதல்ல சூடாக்குங்க.

சென்னைப்பொண்ணு
ரொம்ப நன்றி டீச்சர். சொல்ல விட்டுட்டேன், அஞ்சு வயசுப் பொண்ணும் கூட வர்றா. வீட்டுல விட ஆள் இல்லை.

பதுளை டீச்சர்
அப்ப 12வது கிலோமீட்டரை விட்டுடுங்க. சின்ன உடம்பு நம்மளைவிட வேகமாக் குளிரும். 8.45க்கு நேரா முடிவுக் கோட்டுக்குப் போங்க, வெயில் ஏறியிருக்கும். அவளுக்கும் ஒரு செட் காய்ஞ்ச துணி எடுங்க. அவர் பேரை எழுதின அட்டையை அவள் கையில குடுங்க.