எண்ணெய் எடுத்தால் கடலடி ஏன் இறங்குகிறது?

நிலா_சிவில்:
சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். சாயில் மெக்கானிக்ஸில் டெர்சாகியின் பயனுறு தகைவு (மொத்தப் பாரத்தில் துளை நீரின் அழுத்தம் போக, மண் துகள்கள் சுமக்கும் பங்கு) வருகிறது, கணக்கும் போடுவேன். ஆனால் அதெல்லாம் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணுக்குத்தானே? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறைக்கு ஜியோமெக்கானிக்ஸ், அதாவது பாரம் தாங்கும் கணக்கு, எதற்கு?

பாறைக்காரன்:
அதே சூத்திரம்தான், ஆழம்தான் வேறு. மேலே இருக்கும் பாறையின் எடையில் ஒரு பங்கைத் துகள்கள் சுமக்கின்றன, மீதியைத் துளைகளுக்குள் இருக்கும் எண்ணெயோ தண்ணீரோ தாங்குகிறது. எண்ணெயை எடுக்க எடுக்க அதன் அழுத்தம் இறங்கும், மேலே உள்ள எடை அப்படியே இருக்கும், அந்தப் பாரம் துகள்கள் தலையில் விழும். பாறை நசுங்கும், அதற்கு மேலே இருக்கும் கடலடியும் சேர்ந்து இறங்கும்.

நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலைப் பாருங்கள். வட கடலுக்கு அடியில் சுமார் 3 கி.மீ. ஆழத்தில் சீமைச்சுண்ணாம்புப் பாறை, சில இடங்களில் கிட்டத்தட்ட பாதி வெறும் துளை. மேற்சுமை ஏறக்குறைய 62 மெகாபாஸ்கல், ஆரம்பத்தில் துளைகளுக்குள் அழுத்தம் 48, ஆக துகள்கள் சுமந்தது 14 மட்டுமே. அழுத்தம் 20 குறைந்தால் அது 34 ஆகிவிடும். 1971-இல் உற்பத்தி தொடங்கியது, 1984-இல்தான் கடலடி இறங்கியது கண்ணில் பட்டது: அங்கே கடலில் நின்ற கான்கிரீட் தொட்டியின் அலைதடுப்புச் சுவரில் வரிசை வரிசையாக ஓட்டைகள் உண்டு, பழைய படங்களில் தண்ணீருக்கு மேலே தெரிந்த சில வரிசைகளைக் காணோம். 1987-இல் கடலில் நின்ற எண்ணெய் மேடைகளின் கால்களை வெட்டி, ஜாக்கி கொடுத்து 6 மீட்டர் தூக்கினார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தையே இந்த வயலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரிக்_மணி:
எண்ணெய்க் கிணறு தோண்டும்போதும் இதே பாடுதான். மட் (துளைக்கும்போது கிணற்றுக்குள் ஓட்டும் சேற்றுத் திரவம்) எடை குறைந்தால் கிணற்றுச் சுவர் உடைந்து விழும், திரும்பி வரும் மட்டைச் சலிக்கும் ஷேக்கரில் ஷேல் என்ற களிப்பாறை நீள நீளமான சிராய்களாக வந்தால் உஷாராகிவிடுவோம். எடை கூடிப்போனால் பாறை பிளந்து மட் அதற்குள் ஓடிவிடும். அதனால் கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கி சிமென்ட் போட்டதும், கீழே கொஞ்சம் புதுப் பாறையைத் துளைத்து, மட் அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும் லீக்-ஆஃப் டெஸ்ட் செய்து, எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவோம்.

நிலா_சிவில்:
சரி, அப்போ எடுத்த இடத்தில் தண்ணீரைச் செலுத்தினால் அழுத்தம் திரும்பிவிடுமே, இறக்கமும் நிற்க வேண்டாமா?

பாறைக்காரன்:
எகோஃபிஸ்கில் 1987-லிருந்து பெரிய அளவில் கடல்நீர் செலுத்தினார்கள். அழுத்தம் ஏறியது, ஆனாலும் கடலடி பல வருஷம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கடல்நீர் புகுந்ததும் அந்தச் சீமைச்சுண்ணாம்பின் வலிமையே குறைந்துவிட்டது, டெர்சாகி சூத்திரத்தில் இதற்கு இடமே இல்லை. நொறுங்கி மூடிய துளைகளும் திரும்ப விரியாது. அதனால் கோர் மாதிரியை (கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டை) சோதிக்கும்போது, பின்னால் எந்தத் தண்ணீரைச் செலுத்தப் போகிறீர்களோ அதையே விட்டுச் சோதியுங்கள்.