டெலிவரி கணக்கு முடக்கம்: 7.11 புகார்ப் படிவத்தில் எதிர்த்தரப்பு யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் டெலிவரி ஆப்புக்கு ஓட்டும் ஒரு ரைடரின் கணக்கு முடங்கி இன்றோடு 19 நாள். ஆப்பில் வந்த காரணம் ஒரே வரி: ‘இருப்பிட மோசடி’. விசாரணை கிடையாது.

வண்டி பஜாஜ் பாக்ஸர் 150, வார வாடகைக்கு எடுத்தது. வாடகை மட்டும் நிற்காமல் ஏறுகிறது. போன் பழசு. பேட்டரி சேமிப்பில் போட்டால் ஜிபிஎஸ் விட்டுவிட்டுத்தான் எடுக்கும். ஹிகின்சன் நெடுஞ்சாலையில் போகும்போது மேப்பில் புள்ளி திடீரென 2 கிலோமீட்டர் தாவும். அதைத்தான் மோசடி என்கிறார்கள் போல.

ஆப்பில் இரண்டு முறை மேல்முறையீடு போட்டாச்சு, இரண்டுக்கும் எழுத்து மாறாத ஒரே பதில். உள்ளூர் அலுவலகமோ, ஒப்பந்தம் வெளிநாட்டு நிறுவனத்தோடு என்று கைவிரித்துவிட்டது. 3 மாத வருமானக் கணக்கு, லாக்-இன் நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கிறது.

ஒருவரை ஊழியர் என்று அனுமானிக்க வழிசெய்யும் தொழிலாளர் உறவுச் சட்டம் 200ஏ பிரிவில், மாதம் குறைந்தது 40 மணி நேர வேலை என்ற அம்சம் இவருக்குத் தாராளமாகப் பொருந்தும். வாரத்துக்கே 50 மணி ஓட்டியவர். இடறுவது வேறு இடம். 2018-ல் டாக்ஸி ஆப் ஓட்டுநர்கள் வழக்கில், அவர்கள் உள்ளூர் நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லை என்று தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிசிஎம்ஏ-வுக்கு (தொழிலாளர் தகராறுகளுக்கான சமரச, நடுவர் ஆணையம்) போக 30 நாள் கெடு, மீதி 11.

அங்கே புகார் பதியும் 7.11 படிவத்தில் உள்ளூர், வெளிநாட்டு நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாக எழுதி டர்பனில் யாராவது ஏற்க வைத்திருக்கிறீர்களா?